எழுத்து வழியே சொற்றேடல்: ஆங்கில அகராதி வரலாற்றில் ஒரு நோக்கு

அகராதி என்பது சொல்லை அறிந்த ஒருவன் அதன் பொருளை அறிதற்பொருட்டு எடுத்துப் பார்க்கும் நூலாகும். சொல்லின் முதலெழுத்து யாது, அதனை அடுத்து நிற்பது யாது என்பனவற்றை அறிந்தாலன்றி அந்நூலினுள்ளே புகுதல் அரிது. அகரத்தை ஆதியாகக் கொண்ட வரிசை என்னும் அதன் பெயரே இதனைப் புலப்படுத்தும். ஆயின், ஒருவனிடத்துச் சொல் இல்லை, சில எழுத்துக்கள் மாத்திரமே உள்ளன என்று வைத்துக்கொள்வோம். அவ்வெழுத்துக்களைத் தன் அகத்தே கொண்ட நீண்டதோர் ஆங்கிலச் சொல் யாது என்று அவன் வினவுகின்றான். இலட்சக்கணக்கான சொற்களைத் தாங்கி நிற்கும் பேரகராதியும் இவ்வினாவின் முன்னே வாய் பேசாது நிற்கும். விடை அதனுள்ளேதான் இருக்கின்றது. ஆயினும் அவ்விடையை அடைவதற்கு வாயில் இல்லை.

இவ்வினா வெறும் பொழுதுபோக்கிற்குரியது எனச் சிலர் கருதக்கூடும். விளையாட்டிலேதான் இது பெரிதும் வளர்ந்தது என்பதும் உண்மையே. எனினும், இதன் வரலாற்றைச் சிறிது துருவி நோக்குவார்க்கு வேறொன்று புலனாகும். சொல்லைப் பொருளின் உடம்பாகக் காண்பதே மக்கள் இயல்பு. அவ்வுடம்பை எழுத்தெழுத்தாகப் பிரித்து, பொருளை முற்றாக மறந்து, எழுத்துக்களை மாத்திரம் ஒழுங்குபடுத்துதல் இயல்பன்று. அது முயன்று கற்ற ஒரு கலை. ஆங்கிலமொழியில் அக்கலை எவ்வெவ்வாறு கற்கப்பட்டது என்பதே இங்கு ஆராயப்படும். ஆங்கில எழுத்துக்களை அவற்றின் பெயர்களாலேயே குறிப்பிடுவோம்.

ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதலாவது அகராதி 1604ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைத் தொகுத்தவர் றொபேட் கோட்ரி என்னும் பள்ளியாசிரியர். ஏறத்தாழ 2,500 கடுஞ்சொற்களைக் கொண்ட சிறு நூல் அது. அதன் முதற்பதிப்பின் ஒரேயொரு படி ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துப் பொட்லியன் நூலகத்தில் எஞ்சியுள்ளது. அந்நூலின் முன்னுரைக்கண் ஆசிரியர் வாசகனுக்குக் கூறும் அறிவுரை இன்று நகைப்பை விளைக்கலாம். எழுத்துக்களின் வரிசையை ஏட்டைப் பாராமலே சொல்லக் கற்றுக்கொள். தேடும் சொல் ஏ என்னும் எழுத்தில் தொடங்குமாயின் நூலின் தொடக்கத்திற் பார், வீ என்னும் எழுத்தில் தொடங்குமாயின் இறுதிப் பக்கத்தை நோக்கிச் செல் என்றெல்லாம் அவர் விளக்குகின்றார். சொல்லின் இரண்டாம் எழுத்துக்கும் அவ்விதியே பொருந்தும் என்பதையும் அவர் தனியாக எடுத்துரைக்க வேண்டியிருந்தது.

ஆயினும் இது நகைத்தற்குரியதன்று. அதுகாறும் ஆங்கிலேயர் கையாண்ட சொற்றொகுதிகளுட் பல பொருள் பற்றியே அமைந்தன. விண்ணுக்குரிய சொற்கள் ஓரிடத்தும், உடலுறுப்புக்களின் பெயர்கள் பிறிதோரிடத்தும், மரஞ்செடிகளின் பெயர்கள் வேறோரிடத்தும் வகுக்கப்பட்டிருந்தன. நம் நிகண்டுகளைப் பயின்றார்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. பொருளாற் கூடியிருந்த சொற்களைப் பிரித்து, யாதொரு தொடர்புமில்லாத சொற்களை முதலெழுத்து ஒன்றே காரணமாக அருகருகே நிறுத்துவது உண்மையில் ஒரு துணிவான செயலே. கோட்ரி வாசகனைப் பழக்க வேண்டியிருந்தமை அதனாலேயே.

முதலெழுத்து ஒன்றே வாயிலாக இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. கோட்ரிக்கு 34 ஆண்டுகள் முன்னரே, 1570இல், பீற்றர் லெவின்ஸ் என்பார் ஆங்கிலச் சொற்களை அவற்றின் இறுதி அசை பற்றி வகுத்து, இலத்தீன் பொருளுடன் வெளியிட்டார். 1775இல் ஜோன் வாக்கர் அவ்வழியிலே மேலுஞ் சென்றார். நாடக மேடையில் நடிகராயிருந்து பின்னர் உச்சரிப்புக் கலை பயிற்றிய இவர், ஒவ்வொரு சொல்லையும் கடையெழுத்திலிருந்து முதலெழுத்து நோக்கிப் படித்து, அவ்வாறு படித்த வரிசையிலே சொற்களை நிரற்படுத்தினார். ஒரே விகுதியை ஏற்ற சொற்களெல்லாம் அந்நூலில் ஒருங்கே வந்து நின்றன. இயைபுத் தொடை தேடிய கவிஞர்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டனர்.

இவ்விடத்தில் நம் மொழியைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் பொருந்தும். வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியின் நான்கு பகுதிகளுள் ஒன்று தொடையகராதி. தமிழ்ச் செய்யுளில் எதுகை இரண்டாம் எழுத்தில் நிற்பதாதலின், சொற்களை எதுகை நோக்கித் தேடுவார்க்கு உதவும் பகுதி அது. இத்தாலியராகிய அவர் ஐரோப்பிய வரிசை முறையைத் தமிழுக்குக் கொணர்ந்தபோது, தமிழ்ப் புலவனுக்கு முதலெழுத்து வாயில் ஒன்றே போதாது என்பதையும் உணர்ந்திருந்தார். லெவின்சும் வாக்கரும் பின்வாயிலைத் திறந்தனர் என்றால், வீரமாமுனிவர் முன்வாயிலுக்கு அடுத்த வாயிலைத் திறந்தார் எனலாம். மூவரும் செய்யுளியற்றுவார் பொருட்டே அவற்றைத் திறந்தனர் என்பதும் நோக்கத்தக்கது.

நிற்க, சொல்லின் நடுவிலே நிற்கும் எழுத்துக்களைப் பற்றி நினைத்தவர் யார்? விடையைத் தேடி நாம் செல்லவேண்டிய இடம் சற்று வியப்பானது. அது பதினேழாம் நூற்றாண்டு வானியலாரின் கடிதப் பெட்டி.

அந்நூற்றாண்டின் முற்பகுதியில் அறிவியல் ஏடுகள் இல்லை. புதிதாக ஒன்றைக் கண்டறிந்தவர் அதனை உடனே வெளியிடின், ஐயத்திற்கிடமான கருத்து நகைப்புக்கு இடமாகும். வெளியிடாதுவிடின் பிறர் முந்திக்கொள்வர். ஆதலின், கண்டதை ஒரு வாக்கியமாக எழுதி, அதன் எழுத்துக்களைக் குலைத்து அனுப்புதல் வழக்கமாயிற்று. 1610ஆம் ஆண்டில் கலிலியோ 37 எழுத்துக்களைக் குலைத்துப் பிராகா நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த கெப்ளர் அவற்றைக் கோத்துப் பார்த்து, செவ்வாய்க்கோளுக்கு இரு சந்திரர்கள் உண்டு என்னும் கருத்துடைய இலத்தீன் வரி ஒன்றை ஒருவாறு அமைத்துக்கொண்டார். கலிலியோ கருதியதோ வேறு. அதிதொலைவிலுள்ள கோளை மூவுருவாகக் கண்டேன் என்று சனிக்கோளைப் பற்றியே அவர் எழுதியிருந்தார். செவ்வாய்க்கு இரு சந்திரர்கள் இருத்தல் உண்மையே. ஆனால் அவை 1877இலேதான் அசாப் ஹோல் என்பாரால் கண்டறியப்பட்டன. கெப்ளர் எழுத்துக்களைத் தவறாகக் கோத்து உண்மையை எட்டினார் என்பது எழுத்து விளையாட்டின் வரலாற்றிலே மறத்தற்கரிய நிகழ்ச்சி. ஒரே எழுத்துக் கூட்டத்துள் ஒன்றற்கு மேற்பட்ட கூற்றுக்கள் உறங்கிக் கிடக்கும் என்பதை இதனினும் தெளிவாக எவரும் காட்டிலர்.

கலிலியோ எழுத்துக்களைத் தாறுமாறாகக் கலைத்தார். அவருக்குப் பின் வந்தோர் அவ்வாறு செய்யவில்லை. சனிக்கோளைச் சூழ்ந்த வளையத்தை உணர்ந்த கிறித்தியான் ஹைகென்ஸ், 1656இல் தம் வாக்கியத்தின் எழுத்துக்களை நெடுங்கணக்கு வரிசையிலே அடுக்கி வெளியிட்டார். ஏ ஏழு, சீ ஐந்து, டீ ஒன்று என்றிவ்வாறு அது செல்லும். பொருளை 1659இலேயே வெளிப்படுத்தினார். ஆங்கிலேயராகிய றொபேட் ஹூக், சுருளின் நீட்சிக்கும் விசைக்குமுள்ள விகிதத்தை 1676இல் அதே முறையில் மறைத்தார். சீ ஒன்று, ஈ ஒன்று, ஐ மூன்று, என் ஒன்று, ஓ ஒன்று, எஸ் மூன்று, ரீ இரண்டு, யூ ஒன்று, வீ ஒன்று ஆகப் பதினான்கு எழுத்துக்கள். 1678இல் அவர் அவற்றை விரித்தபோது, நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவே என்னும் இலத்தீன் வாக்கியம் தோன்றிற்று. அதே 1676ஆம் ஆண்டில் நியூற்றன் லைப்னிற்சுக்கு அனுப்பிய கடிதத்திலும் நுண்கணிதத்தின் அடிப்படைக் கூற்று இவ்வாறே எண்ணும் எழுத்துமாக ஒடுங்கிக் கிடந்தது.

இவ்வாக்கியங்கள் இலத்தீன் மொழியில் அமைந்தன. ஆயினும் அவற்றை ஒடுக்கிய முறை எம்மொழிக்கும் பொதுவானது. எழுத்துக்களை நெடுங்கணக்கு வரிசையில் அடுக்கிவிட்டால், அச்சொல் எவ்வாறு தொடங்கிற்று, எவ்வாறு முடிந்தது என்பனவெல்லாம் அழிந்து, எவ்வெழுத்து எத்தனை என்னும் கணக்கு மாத்திரமே எஞ்சுகின்றது. மறைப்பதற்கென்று அவர்கள் கையாண்ட இவ்வடிவமே பின்னொரு காலத்தில் தேடுவதற்குரிய திறவுகோலாக மாறியது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட வினாவை நேரடியாகவே விளையாட்டாக வகுத்தவர் லூயிஸ் கரோல். அற்புத உலகில் அலிசு என்னும் சிறுமியின் கதையை எழுதிய இவரது இயற்பெயர் சாள்ஸ் டொட்ஜ்சன். ஒக்ஸ்போட் கிறைஸ்ற் சேர்ச் கல்லூரியிற் கணித விரிவுரையாளராக விளங்கியவர். அப்பதவியினின்றும் அவர் விலகிய 1881ஆம் ஆண்டிலேயே மிஷ்மாஷ் என்னும் சொல்விளையாட்டின் விதிகள் ஒரு மாத இதழில் வெளிவந்தன. தம் இளமைக்காலத்தில் வீட்டாருக்காகக் கையெழுத்தில் நடத்திய இதழொன்றின் பெயரையே அவர் இதற்கும் இட்டார்.

விளையாட்டு எளிது. ஒருவர் இரண்டோ அதற்கு மேற்பட்டனவோ ஆகிய எழுத்துக்களைத் தொடர்ச்சியாகக் கூறுவார். கரோல் இதனைக் கரு என்னும் பொருள்படும் சொல்லாற் குறித்தார். மற்றவர் அக்கரு பிளவுபடாமல் உள்ளே அமைந்த முறையான சொல்லொன்றைக் கூறுதல் வேண்டும். ஜீ, பீ என்பன கருவாயின், ஒருவகைப் பறவையைக் குறிக்கும் மக்பை என்னும் சொல் விடையாகும். ஈ, எம், ஓ என்பதற்கு எலுமிச்சையைக் குறிக்கும் லெமன். ஐ, எம், எஸ், ஈ என்பதற்கு அவனையே எனப் பொருள்படும் ஹிம்செல்ப். இவை கரோலே காட்டிய எடுத்துக்காட்டுக்கள். இயற்பெயர்கள் ஏற்கப்படமாட்டா. இடையே சிறுகோடிட்டு எழுதும் கூட்டுச்சொற்களும் ஏற்கப்படமாட்டா. ஈ, ஆர், ஜீ, ஏ என்னும் கருவுக்குப் பூந்தோட்டத்தைக் குறிக்கும் பிளவர்-கார்டன் என்னும் சொல்லைக் கூறினால் அது செல்லாது. விடையைத் தான் அறியாமலே ஒருவர் கருவைக் கூறலாம் என்பது மற்றுமொரு விதி. அத்தகைய சொல்லே இல்லை என்று எதிரி துணிவாராயின், இல்லை எனக் கூறி ஒதுங்கலாம்.

இவ்வெடுத்துக்காட்டுக்களைச் சிறிது ஊன்றி நோக்குவோம். ஹிம்செல்ப் என்பது ஹிம், செல்ப் என்னும் இரு சொற்கள் கூடியது. ஐயும் எம்மும் முன்னதற்கு உரியன. எஸ்சும் ஈயும் பின்னதற்கு உரியன. கரு அவ்விரண்டும் பொருந்திய மூட்டின்மீது கிடக்கின்றது. மக்பை என்பதும் மக், பை என்னும் இரண்டின் புணர்ச்சியே. ஜீக்கும் பீக்கும் நடுவே ஓடுவது அப்புணர்ச்சியின் கோடு. கைக்குட்டையைக் குறிக்கும் ஹாண்ட்கர்ச்சீவ் என்னும் சொல்லில் என், டீ, கே என்பவை தொடர்ந்து நிற்கும். ஆங்கிலம் பேசுவோர் அங்கே டீயை ஒலிப்பதேயில்லை. ஆகவே, இக்கருவைக் கேட்டவுடன் அச்சொல் செவிவழியாக நினைவிற்கு வாராது. பொருள் வழிச் சிந்திப்பவன் சொல்லை எவ்விடத்தே வெட்டமாட்டானோ, அவ்விடத்தே கரோல் வெட்டுகின்றார். சொல்லாராய்ச்சியாளர் பகுதி விகுதி என்று பிரிக்கும் இடத்தை ஒட்டியும் அவர் கத்தி செல்லாது. அவ்விடத்தைக் குறுக்கே கடந்து செல்லும். சிறுகோட்டுச் சொல்லை அவர் விலக்கியமைக்கும் இதனால் ஒரு காரணம் விளங்குகின்றது. மூட்டு வெளிப்படையாகத் தெரியும் சொல்லில் மறைபொருள் யாதும் இல்லை. மூட்டு ஆறி ஒன்றாகிவிட்ட சொல்லே தேடுவானை ஏமாற்ற வல்லது. இது கரோல் கூறிய காரணமன்று, நாம் ஊகிப்பதே.

கரோல் 1879இல் வெளியிட்ட மற்றொரு விளையாட்டு இதனினும் பெரும் புகழ் எய்தியது. ஒவ்வொரு படியிலும் ஓரெழுத்தை மாத்திரம் மாற்றி ஒரு சொல்லைப் பிறிதொரு சொல்லாக்குவது அது. கணினி அறிஞர் டொனால்ட் குனூத் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் 5,757 எடுத்து இவ்விளையாட்டை ஆராய்ந்தபோது, எவ்வெழுத்தை மாற்றினும் வேறு சொல்லாகாத தனிச்சொற்கள் 671 இருக்கக் கண்டார். ஒதுங்கி நிற்பது எனப் பொருள்படும் அலூப் என்னும் சொல்லும் அவற்றுள் ஒன்று. மொழி சிலவேளைகளில் தானே நகைச்சுவை புரிகின்றது போலும்.

சொல்லைத் தேடுவானுக்கு எவ்வெழுத்து எளிது, எது அரிது என்னும் கணக்கும் இன்றியமையாதது. இக்கணக்கைச் சொற்பிரியர் முதலிற் கண்டாரல்லர், தொழிலாளரே கண்டனர். அச்சுக்கூடத்து எழுத்துப்பெட்டியில் எவ்வறையில் எழுத்துக்கள் மிகுதியாக வேண்டப்படும் என்பதை அச்சுக்கோப்பவன் கைப்பழக்கத்தால் அறிவான். தந்திக் குறியீடுகளை வகுத்த காலத்தில், மோர்சின் துணைவராகிய அல்பிரட் வெயில், மொறிஸ்ரவுண் நகரத்துச் செய்தித்தாள் அச்சகத்தின் எழுத்துப்பெட்டியை எண்ணியே எழுத்துக்களின் வழக்கு மிகுதியை மதிப்பிட்டார் என்பர். ஈ என்னும் எழுத்துக்கு ஒரு புள்ளியும் ரீ என்னும் எழுத்துக்கு ஒரு கோடும் கிடைத்தமை இவ்வெண்ணிக்கையின் விளைவு. 1886இல் நியூயோர்க் நகரிலே செய்தித்தாள் ஒன்றில் முதன்முதல் இயங்கிய லைனோரைப் பொறியின் விசைகளும், ஈ, ரீ, ஏ, ஓ, ஐ, என் என்று வழக்கு மிகுதி பற்றியே நிரல்பட அமைந்தன.

குறுக்கெழுத்துப் போட்டி 1913ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆந் திகதி நியூயோர்க் வேள்ட் இதழில் ஆதர் வின் என்பவரால் தொடங்கப்பட்டது. அதனைப் பற்றி இங்கு விரித்தல் வேண்டா. அது பரவியபின், சொற்களை நீளம் பற்றி வகுக்கும் அகராதிகள் தோன்றின என்பது மாத்திரம் நமக்கு வேண்டுவது. எழுத்தெண்ணிக்கையும் ஒரு வாயிலாயிற்று.

எழுத்துக் கணக்கையும் குறுக்கெழுத்தையும் ஒன்றாக்கியவர் அல்பிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக்கலைஞர். 1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அவர், செய்தித்தாட் பக்கங்களை எடுத்து எழுத்தெழுத்தாக எண்ணலானார். 1938இல் அவர் உருவாக்கிய ஆட்டமே பின்னர் ஸ்கிரபிள் எனப் பெயர்பெற்றது. அப்பெயரை இட்டவர் 1948இல் உரிமையைப் பெற்ற ஜேம்ஸ் புறுனோற். 1949இல் 2,400 தொகுதிகளைச் செய்து 450 டொலர் நட்டமடைந்த அவர், 1952இன் பின் கேட்போருக்கெல்லாம் செய்து கொடுக்கவியலாது திணறினார்.

பட்ஸ் வகுத்த நூறு ஓடுகளுள் இரண்டு வெற்றோடுகள், ஈ பன்னிரண்டு, ஏயும் ஐயும் ஒவ்வொன்றும் ஒன்பது, கியூவும் இஸெட்டும் ஒவ்வொன்றே. இவ்வளவும் எண்ணிக்கை தந்தவை. ஆனால் எஸ் என்னும் எழுத்தில் அவர் எண்ணிக்கையைப் பின்பற்றவில்லை. ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் அவ்வெழுத்துக்கு நான்கு ஓடுகளையே அளித்தார். பெயர்ச்சொல்லின் ஈற்றில் எஸ்சைச் சேர்த்துப் பன்மையாக்கிச் சொல்லை நீட்டுதல் எவர்க்கும் எளிது. அவ்வெளிமையை மிகுவித்தால் ஆட்டம் கெடும் என்று அவர் கண்டார். இலக்கணத்தின் ஒரு விதி எண்ணிக்கையைத் திருத்திய இடம் இது. பட்சின் நுண்ணறிவு புலப்படுவது எண்ணிய பொறுமையிலும் பார்க்க, எண்ணியதை ஓரிடத்திற் கைவிட்ட துணிவிலேயே என்பது எம் கருத்து.

கையிலுள்ள ஏழு ஓடுகளையும் ஒரே முறையில் இடுபவர்க்கு 50 புள்ளிகள் மிகையாக உண்டு. எனவே, தேர்ந்த ஆட்டக்காரர் ஆறெழுத்து அடிகளைக் கற்று, அவற்றோடு ஏழாவது எழுத்து ஒன்று கூடினால் எவ்வெச் சொற்கள் பிறக்கும் என மனனஞ் செய்வர். விழித்திரையைக் குறிக்கும் றெற்றினா என்னும் சொல்லின் ஆறெழுத்துக்களும் புகழ்பெற்றதோர் அடி. அதனோடு ஜீ சேரின் கருங்கல்லைக் குறிக்கும் கிரனிற். சீ சேரின் உறுதியைக் குறிக்கும் சேட்டன். எம் சேரின் பள்ளிவாசற் கோபுரமாகிய மினறெற். டீ சேரின் பயிற்றப்பட்ட எனப் பொருள்படும் றெயின்ட். கே சேரின் நகத்திலும் மயிரிலும் உள்ள புரதமாகிய கெறற்றின். விழித்திரைக்கும் கருங்கல்லுக்கும் பொருளால் யாது தொடர்பு? யாதுமில்லை. எழுத்துக்களால் மாத்திரம் அவை ஒரு குடும்பம். கோட்ரியின் நூலிலோ வாக்கரின் நூலிலோ அவை ஒன்றையொன்று சந்தித்தலே இல்லை.

பொருளை நீக்கிய இவ்வறிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நம் காலத்திலே ஒரு சான்று கிடைத்துள்ளது. நியூசீலாந்தில் பிறந்த நைஜல் றிச்சர்ட்ஸ் ஆங்கில ஸ்கிரபிளில் உலக வெற்றியைப் பன்முறை பெற்றவர். 2015ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டில் நடந்த பிரெஞ்சு மொழிக்குரிய உலகப் போட்டியிலும் அவரே வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. ஒன்பது வாரங்களில் அம்மொழியின் சொற்பட்டியலை மனத்திற் பதித்துக்கொண்டார் என்று அவரை அறிந்தோர் கூறினர். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அவ்வாறே வென்றார். இதனை மொழியறிவு என்பதா? அன்று என்றே பலர் உடனே கூறுவர். எனினும், அம்மொழிச் சொற்களுள் எது உண்டு, எது இல்லை என்பதைத் தாய்மொழியாளரிலும் பார்க்க அவர் நன்கறிந்திருந்தார். சொல்லுக்கு எழுத்துடம்பு என்று தனியே ஒன்று உண்டு என்பதையும், அதனைப் பொருளின் துணையின்றியே ஒருவர் முழுமையாகக் கற்கலாம் என்பதையும் மறுத்தற்கு இனி இடமில்லை.

மனிதர் மனனத்தால் அடைந்ததைப் பொறி ஒழுங்கால் அடைந்தது. ஒரே எழுத்துக்களாலாகிய சொற்களையெல்லாம் ஒருங்கு காணும் வழியை, ஜோன் பென்ற்லி கணினியாளருக்கென 1980ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் எளிதாக விளக்கினார். ஒவ்வொரு சொல்லின் எழுத்துக்களையும் நெடுங்கணக்கு வரிசையில் அடுக்கி, அதனை அச்சொல்லின் முகவரியாகக் கொள்ளல் வேண்டும். புள்ளியைக் குறிக்கும் ஸ்பொற், நில் எனப் பொருள்படும் ஸ்ரொப், பானைகளாகிய பொற்ஸ், தூணாகிய போஸ்ற், உச்சிகளாகிய ரொப்ஸ், தெரிந்தெடுத்தலைக் குறிக்கும் ஒப்ற்ஸ் ஆகிய ஆறு சொற்களுக்கும் ஓ, பீ, எஸ், ரீ என்பதே முகவரி. இவ்வடிவத்தை முன்னரே கண்டோம். ஹைகென்சும் ஹூக்கும் தம் கருத்தை மறைத்த பூட்டு இதுவே.

கரோலின் கருவுக்கு இம்முகவரி உதவாது. அங்கே எழுத்துக்கள் பிளவுபடாது தொடர்ந்து நிற்றல் வேண்டும். அதற்கு வேறொரு வழி வகுக்கப்பட்டது. ஹிம்செல்ப் என்னும் சொல்லை ஏழு முறை எழுதுவோம். முதன்முறை முழுவதும், அடுத்த முறை முதலெழுத்தை நீக்கி ஐயிலிருந்து, பின்னர் எம்மிலிருந்து, இவ்வாறு இறுதி எழுத்துத் தனித்து நிற்கும் வரை. மொழியிலுள்ள எல்லாச் சொற்களையும் இவ்வாறே எழுதி, வந்தனவற்றையெல்லாம் ஒரே நெடுங்கணக்கு வரிசையில் நிறுத்தினால், சொல்லின் நடுவே மறைந்திருந்த ஒவ்வோர் எழுத்தும் ஒருமுறை முதலெழுத்தாகி விடுகின்றது. ஐ, எம், எஸ், ஈ என்னும் கருவைத் தேடுபவன் ஐ என்னும் பகுதிக்குச் சென்று, எம் என்னும் இரண்டாம் எழுத்தை நோக்கினாற் போதும். 1604இல் கோட்ரி வாசகனுக்குக் கற்பித்த அதே வழியிலேயே அவன் செல்கின்றான். வழி மாறவில்லை, வாயில்களே பெருகின.

கையாற் செய்தற்கு இயலாத இவ்வேலையை ஆங்கிலப் பேரகராதி ஒன்றற்கே செய்யவேண்டிய தேவை 1980ஆம் ஆண்டுகளில் எழுந்தது. ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் இருபது தொகுதிகளாக வெளிவருமுன், அதன் முழுப் பாடமும் கணினிக்குரிய வடிவில் தட்டெழுத்திடப்பட்டது. அப்பெரும் பாடத்தினுள்ளே எவ்விடத்தே நிற்கும் எழுத்துத் தொடரையும் நொடியில் எடுக்கும் முறையைக் கனடாவின் வாற்றலூப் பல்கலைக்கழகத்தில் கஸ்ரன் கொனெற் என்பாரும் அவருடன் உழைத்தோரும் அமைத்தனர். எழுத்து நிற்கும் ஒவ்வோரிடத்தையும் தொடக்கமாகக் கொள்ளும் கருத்தைப் பீற்றர் வைனர் 1973இலேயே வெளியிட்டிருந்தார். மான்பரும் மயேர்சும் 1990இல் அதனை மேலும் சுருங்கிய வரிசையாக்கினர். இன்று ஆங்கிலச் சொற்பட்டியல் எதனுள்ளும் வேண்டிய எழுத்துக்களைக் கொண்ட சொற்களைத் தேடித் தரும் கணினி முறைகளுட் பல, அடுக்கிய எழுத்து முகவரியையோ இவ்வெட்டு வரிசையையோ தழுவியனவே.

கரோலின் விளையாட்டில் மிகக் கடினமான நகர்வு, அத்தகைய சொல் இல்லை என்று கூறுவதே. விடையைக் கண்டவன் அதனைக் காட்டிவிடலாம். இல்லை என்பானுக்குக் காட்டுதற்கு யாதுமில்லை; தன் நினைவு முழுவதையும் பணயமாக வைத்தே அவன் அதனைக் கூறுகின்றான். பொறிக்கு இவ்வச்சம் இல்லை. வரிசையில் அவ்விடத்தை நோக்கி, அங்கே ஒன்றும் இல்லையெனின் இல்லை என்று ஐயமின்றிச் சொல்லும். ஆயின் அது கூறுவது பட்டியலில் இல்லை என்பது மாத்திரமே, பட்டியலோ நிற்பதன்று. 2000ஆம் ஆண்டிலிருந்து இணையத்தில் வெளிவரும் ஒக்ஸ்போட் அகராதி ஆண்டுக்கு நான்கு முறை புதிய சொற்களைச் சேர்த்து வருகின்றது. கரோலின் மேசையில் எதிரிக்கு இருந்த ஐயம் தொகுப்பாசிரியரின் மேசைக்கு இடம் மாறியிருக்கின்றது.